மூணுல ரெண்டு அக்கா ஒத்தை மீட்டரை நம்புன நாள்

இன்னைக்கு யாரைப் பார்த்தேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க! பவர் மாத்தலாம்னு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல். அதுல உக்காந்து, கடைக்காரரோட டீயில பாதியைப் பிடுங்கிக் குடிச்சுக்கிட்டிருந்தாங்க ஒரு அக்கா. அவரோட வீட்டம்மாவாம். முந்தாநேத்துதான் கரைக்கு வந்தாங்களாம். "கரைக்கா? அப்போ எங்கக்கா இருந்தீங்க?"ன்னு கேட்டேன். "கடல்ல"ன்னு சொல்லிட்டு மறுபடி டீயை எடுத்தாங்க. அவ்வளவுதான், நான் அங்கேயே உக்காந்துட்டேன். கண்ணாடி இன்னும் வாங்கல. கை பரபரன்னு இருக்கு, வேகமா டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

அக்காவுக்கு வேலை நடுக்கடல்ல நிக்கிற ஒரு கேஸ் மேடையில. நாலு இரும்புக் காலை ஊனி, தண்ணிக்கு மேல ஒரு குட்டி ஊரையே தூக்கி வெச்ச மாதிரி இருக்குமாம். அடியில கிணறு. அதுலேருந்து கேஸ் சீறிக்கிட்டு மேல வரும், கடலுக்கு அடியில போற குழாய் வழியா கரைக்குப் போகும், கரையில கரண்ட் எடுக்கிற ஆலை அதை வாங்கி எரிக்கும். இதுல ஒரே ஒரு சிக்கல். கிணத்துக்கு இருக்கிற வேகம் குழாய்க்குத் தாங்காது. கிணறு முழு மூச்சையும் விட்டா குழாய் வாழைத்தண்டு மாதிரி பிளந்துடும். கரை வரைக்கும் தடிமன் குழாய் போடலாம்தான், ஆனா அவ்வளவு இரும்பு யார் போடுவாங்க?

"குக்கர்ல விசில் வரும்ல, அது எதுக்கு?"ன்னு அக்கா என்னைக் கேட்டாங்க.

"அழுத்தம் அதிகமானா வெளிய விட."

"எங்க மேடையில அவ்வளவையும் வெளிய விட்டா வானமே பத்திக்கும். அதனால நாங்க விசில் அடிக்க விடுறதில்ல, அடுப்பையே அணைச்சிடுவோம்."

குழாயோட வாய்ல ஒரு பெரிய வால்வு. அதுக்கு அங்க பேரு 'கதவு'. அழுத்தம் எல்லையைத் தாண்டினா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கதவு தானா சாத்திக்கும். சாத்தணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது மூணு மீட்டர். மூத்தவன், நடுவன், இளையவன்னு கூப்பிடுவாங்க. ஏன் மூணு? ஒண்ணே ஒண்ணு இருந்து அது பொய் சொன்னா? சும்மா சும்மா கதவு சாத்தி ஊர்ல கரண்ட் போகும், இல்லேன்னா சாத்த வேண்டிய நேரத்துல சாத்தாது. ரெண்டு இருந்து சண்டை போட்டா எதை நம்புறது? மூணு இருந்தா ஓட்டெடுப்பு. ரெண்டு பேரு கையைத் தூக்கினா கதவு சாத்தும். ஒருத்தன் மட்டும் தூக்கினா அவனுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம்.

இந்த மூணையும் கதவையும் பார்த்துக்கிறதுதான் அக்காவோட வேலை. பதினஞ்சு வருஷமா இதே பொழப்பு. வேலை வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு. வீட்டுல இருக்கிறது மூணே பேரு, அக்கா, வீட்டுக்காரர், காலேஜ் போற பொண்ணு. எதுக்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு. சோபாவை எந்தச் செவுத்துப் பக்கம் போடுறது, பொண்ணு எந்தப் பாடம் எடுக்கிறது, மாமியார் வீட்டுக்கு இந்த மாசம் போறதா அடுத்த மாசமா, எல்லாத்துக்கும் மூணுல ரெண்டு. மேடையில யாரு வந்து சண்டைன்னு நின்னாலும், "மூணாவது ஆளைக் கூப்பிடு, ஓட்டுக்கு விடுவோம்"பாங்களாம். கடைசியில அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு. சம்பளப் பட்டியல்ல மட்டும்தான் சொந்தப் பேரு. மத்தபடி 'மூணுல ரெண்டு அக்கா'.

போன குளிர்காலத்துல வருஷாந்திர பழுது வேலை நடந்துச்சு. மீட்டர் குழாயைத் தொட்டுப் பார்க்க, குழாய் மேல ஆளுக்கொரு சின்ன ஓட்டை இருக்கும். ஒவ்வொரு ஓட்டையிலேருந்தும் விரல் மொத்தத்துல ஒரு குட்டிக் குழாய் மீட்டருக்குப் போகும். நடுவனோட ஓட்டையில லேசாக் கசிவு. அதை அடைச்சாச்சு. புது ஓட்டை போட மேடையை இன்னும் நாலஞ்சு நாள் மூடி வெக்கணும். "அடுத்த பழுது வரைக்கும் நடுவனும் மூத்தவனோட ஓட்டையிலேருந்தே பார்க்கட்டுமே?"ன்னு ஒரு யோசனை வந்துச்சு. கூடிப் பேசினது மூணு பேரு. மேடை மேனேஜர் ஒருத்தர். கப்பல்ல கால் வெச்சதே இல்ல, ஆனாலும் எல்லாரும் 'கேப்டன்'னு கூப்பிடுவாங்க. அவர் சரின்னாரு. அக்காவும் சரின்னாங்க. 'பைப் மாமா'ன்னு ஒரு ஃபிட்டர், அவர் மட்டும் வேண்டாம்னாரு.

"ஏன் மாமா?"

"ஏன்னா? இந்தக் குளிர்ல இப்ப ஒரு தடவை குழாயை வளைக்கணும், அப்புறம் பழையபடி மாத்த இன்னொரு தடவை வளைக்கணும். என் விரலு என்ன மேடையோட சொத்தா, மருமகளே?"

சிரிச்சாங்க. ரெண்டுக்கு ஒண்ணு. பைப் மாமா முணுமுணுத்துக்கிட்டே போய்க் குழாயை வளைச்சாரு.

இப்ப அந்த நாளுக்கு வரேன்.

பழுது முடிஞ்சு கிணத்தைத் திறந்த முதல் காலை. வெளிய கண்ணுல தண்ணி வர்ற காத்து. கேஸ் மெதுவா ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. எல்லாம் ஒழுங்காப் போகுதுன்னு அக்கா டீ குடிக்க சாப்பாட்டு ரூமுக்கு வந்தாங்க. அங்கதான் போனுக்கு இணைப்பு கிடைக்கும். பார்த்தா வீட்டுக் குரூப்புல ரெண்டு வாய்ஸ் மெசேஜ் வந்து கிடக்கு.

முதல்ல பொண்ணு: "அம்மா, பூனைக்குட்டி மேட்டர் ஓட்டுக்கு வருது. பூனை இருந்தா வீட்டுக்கு ஒரு உயிரோட்டம் வரும், மனசும் லேசாகும். என் ஓட்டு பூனைக்கு."

அடுத்து வீட்டுக்காரர். இந்த மனுஷன் பூனையைக் கண்டாலே பத்தடி தள்ளிப் போறவரு, முடி பட்டாத் தும்முறவரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, ஒப்பிக்கிற மாதிரி ஒரு குரல்: "ம்... பூனை இருந்தா வீட்டுக்கு ஒரு உயிரோட்டம் வரும். மனசும்... மனசும் லேசாகும். என் ஓட்டும் பூனைக்கே." பின்னாடி பொண்ணு களுக்குன்னு சிரிக்கிறது நல்லாவே கேட்டுச்சாம்.

அக்கா மைக்கை அமுக்கி பதில் போட்டாங்க. "அடப்பாவிகளா! இது ரெண்டு ஓட்டா? ஒரே ஓட்டு ரெண்டு வாயால வருது. அப்பாவுக்கு எழுதிக் குடுத்தது யாருடி? என்னங்க, உயிரோட்டமா? இந்த வார்த்தையைக் கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க வாயில நான் கேட்டதே இல்லையே! செல்லாது, செல்லாது!"

சிரிச்சுக்கிட்டே, டீ கப்போட, கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பி வந்தாங்க.

உள்ள ஸ்க்ரீன் முன்னாடி பேனல்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தாரு. மேடையோட எல்லா நம்பரையும் பார்த்துக்கிற ஆளு அவருதான். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனா அக்காவுக்கு அவர் தம்பி.

"அக்கா, இளையவன் மறுபடி கிறுக்குப் பிடிச்சு ஆடுறான். போன வருஷம் மாதிரியே. மத்த ரெண்டு பேரும் தொண்ணூத்தாறுல சாந்தமா இருக்கானுங்க. இவன் மட்டும் நூத்திப் பதினஞ்சுங்கிறான்."

போன வருஷம் இளையவன் உண்மையிலேயே ஒரு வாரம் உளறினான். அப்போலேருந்து அவனுக்கு நல்ல பேரு கிடையாது.

"நூத்தி இருபத்தஞ்சு தாண்டினா கையைத் தூக்கிடுவான்கா. அப்புறம் அலாரம் காதைக் கிழிக்கும். சாவியைப் போட்டு இவனை ஓட்டுலேருந்து எடுத்துடுங்க, பைப் மாமா வந்து பார்க்கட்டும்."

அந்தச் சாவி அக்காகிட்ட மட்டும்தான். ஒரு மீட்டருக்கு உடம்பு சரியில்லன்னா, சாவியைத் திருப்பி அவனை ஒதுக்கி வெச்சு, ரிப்பேர் பண்ணி, மறுபடி சேர்க்கலாம். தப்பே இல்ல, வழக்கமா நடக்கிறதுதான். அக்கா கப்பை வெச்சிட்டு சாவியை எடுத்தாங்க. பூட்டுல விட்டாங்க. திருப்பல.

"ரெண்டு பேரும் தொண்ணூத்தாறு புள்ளி எவ்வளவு?"

"மூத்தவன் புள்ளி நாலு. நடுவன்... புள்ளி நாலு."

"இப்போ?"

"புள்ளி நாலு. புள்ளி நாலு."

"இப்போ?"

"என்னக்கா விளையாட்டு இது? அதேதான்!"

உயிரோட இருக்கிற மீட்டர் சும்மா இருக்காதாம்! கேஸ் ஓடுற குழாய் மேல உக்காந்திருக்கிறவன், கடைசிப் புள்ளியாவது ஏறி இறங்கிக்கிட்டே இருப்பான். ரெண்டு நல்ல மீட்டர்னா பங்காளி மாதிரி, எப்பவும் லேசா ஒரு சண்டை இருக்கும். ஒருத்தன் புள்ளி நாலுன்னா இன்னொருத்தன் புள்ளி ஆறும்பான். இங்க ரெண்டு பேரும் ஒப்பிக்கிறானுங்க. எழுதிக் குடுத்ததைப் படிக்கிற மாதிரி.

அக்கா சாவியைப் பூட்டுலேருந்து உருவிட்டாங்க.

"தம்பி. இது ரெண்டு ஓட்டு இல்ல."

"என்னக்கா?"

"ரெண்டு பேரும் ஒரே ஓட்டையிலதான் பார்க்கிறானுங்க. அந்த ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னா ரெண்டு பேரும் ஒண்ணா குருடு. பூனை கண்ணை மூடிக்கிட்டு பூலோகமே இருட்டுன்னுச்சாம், அந்தக் கதைதான்!"

கேஸும் தண்ணியும் குளிர்ல, அழுத்தத்துல சேர்ந்தா ஐஸ் மாதிரி ஒண்ணு கெட்டியாகுமாம். தண்ணி உறையுற அளவுக்குக் குளிர் கூட வேண்டாம். கையில எடுத்துத் தீக்குச்சி வெச்சா ஐஸே எரியும்! (எரியுற ஐஸ்!! எனக்கு இது இன்னைக்குத்தான் தெரியும்.) விரல் மொத்தக் குட்டிக் குழாயை அடைக்க அது ஒரு பிடி போதும். அடைச்ச இடத்துக்கு மீட்டர் பக்கம் மாட்டிக்கிட்ட கேஸ் அப்படியே நிக்கும். மீட்டர் அதையே பார்த்து, நாள் முழுக்க தொண்ணூத்தாறு புள்ளி நாலுன்னு சொல்லிக்கிட்டிருக்கும்.

அடுத்து வந்த யோசனைதான் அக்காவைத் தூக்கிப் போட்டுச்சு. கிணத்துக் கேஸை அளந்து விடுற வால்வு ஒண்ணு இருக்கு. எவ்வளவு திறக்கணும்னு அது யாரைப் பார்த்து முடிவு பண்ணுது? அதே ஓட்டையில இருக்கிற இன்னொரு மீட்டரை! அழுத்தம் பத்தலன்னு நினைச்சுக்கிட்டு அது திறந்துக்கிட்டே போகுது. காவல் காக்கிற ரெண்டு பேரும் கேஸை அளந்து விடுறவனும் ஒண்ணா தூங்குறாங்க. முழிச்சிருக்கிறது ஒத்தை ஆளு. போன வருஷம் உளறின இளையவன்.

ஸ்க்ரீன்ல அவன் நம்பர் சிவப்பாச்சு. நூத்தி இருபத்தஞ்சு. கையைத் தூக்கிட்டான். ஒரு ஓட்டு. கதவு அசையல, ஏன்னா அதுக்கு ரெண்டு வேணும். அலாரம் கத்த ஆரம்பிச்சுச்சு. குழாயோட உயிர் எல்லை நூத்தி நாப்பது. மேடையில அன்னைக்கு நாப்பது பேருக்கு மேல.

சத்தம் கேட்டுக் கேப்டன் ஓடி வந்தாரு. "என்னம்மா?"

"சார், கதவைச் சாத்தணும். கையால."

"யாரு சொல்றா?"

"இளையவன்."

"அவன் மட்டுமா?" கேப்டனுக்கே சிரிப்பா அழுகையான்னு தெரியாத ஒரு மூஞ்சி. "ரெண்டு பேரு இல்லங்கிறானுங்க, ஒருத்தன் ஆமாங்கிறான். நீ ஒருத்தன் பக்கம் நிக்கிறியா? நீயா? அம்மா, இன்னைக்குத்தான் திறந்திருக்கோம். கரையில ஆலை இப்பத்தான் அடுப்பு பத்த வெச்சிருக்கு. சாத்தினா அவங்க என்னைத் தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. கரைக்குப் போன் போட்டு அங்க என்ன அழுத்தம்னு கேட்போம், ஒரு நிமிஷம்..."

"கேளுங்க சார். கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் நூத்தி முப்பதுக்குப் போயிடுவான்."

அங்க, கதவைக் கையால சாத்துற சிவப்புக் குமிழை யார் வேணாலும் அமுக்கலாம். அதுதான் சட்டம். ஆனா அமுக்கினவங்கதான் பதில் சொல்லணும். அக்கா எங்கிட்ட சொன்னாங்க, அந்த நேரத்துல பயம் குழாயைப் பத்தி இல்லையாம். "பதினஞ்சு வருஷமா ரெண்டு பேரை நம்புன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவ நான். என் கையே என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது. தப்பாப் போச்சுன்னா நாளைக்கு எந்த மூஞ்சியோட ஒருத்தருக்குச் சொல்லிக் குடுப்பேன்?"

இளையவன் நூத்தி இருபத்தொம்போது.

அமுக்கிட்டாங்க.

டங்குன்னு ஒரு சத்தம். கால் வழியா ஏறி பல்லு வரைக்கும் வந்துச்சாம். மேசையில இருந்த டீ தளும்பி சாஸர்ல கொட்டிச்சு. அப்புறம் ஒரு அமைதி. கேஸ் ஓடுற இரைச்சல் இல்லாம அந்த மேடை எப்படி இருக்கும்னு அங்க இருக்கிறவங்களே மறந்து போயிருந்தாங்க.

மூணு பேரும் ஸ்க்ரீனையே பார்த்தாங்க. கதவு சாத்தினா, கதவுக்கு அந்தப் பக்கம் அழுத்தம் இறங்கியே ஆகணும், ஏன்னா கரையில ஆலை இன்னும் உறிஞ்சிக்கிட்டிருக்கு. மீட்டரெல்லாம் இருக்கிறது அந்தப் பக்கம்தான். இளையவன் நூத்தி இருபத்தொம்போதுலேருந்து இருபத்தெட்டு. இருபத்தஞ்சு. இருபது. மடமடன்னு இறங்குறான்.

மூத்தவன் தொண்ணூத்தாறு புள்ளி நாலு. நடுவன் தொண்ணூத்தாறு புள்ளி நாலு.

"கதவையே சாத்தியாச்சு, இன்னுமா புள்ளி நாலு?"ன்னு பேனல்காரர் எழுந்தே நின்னுட்டாரு. "அடேய்! நீங்க செத்துப் போய் எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

கேப்டன் நாற்காலியில பொத்துன்னு உக்காந்தாரு. அதே நேரம் கரையிலேருந்து போன். எடுக்காமலேயே கத்துறது கேட்கும் போல இருந்துச்சாம். "யாருய்யா சாத்தினது?"

கேப்டன் அக்காவைப் பார்த்தாரு, போனைப் பார்த்தாரு. "நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் சாத்தினோம்."

அக்கா ரிசீவரை அவர் கையிலேருந்து வாங்கிட்டாங்க. "இல்ல சார். மூணு பேரு இல்ல. ஒருத்திதான். நான்தான் சாத்தினேன். உங்க பக்கம் குழாய்ல அழுத்தம் எவ்வளவு காட்டுதுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் திட்டுங்க."

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு நம்பர் கேட்கிற சத்தம். அப்புறம் ரொம்ப மெதுவா ஒரு குரல்: "...எங்க பக்கமும் ஏறித்தான் இருந்திருக்கு. நாங்க எங்க மீட்டர்தான் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம்."

அக்கா இதைச் சொல்லும்போது கண்ணாடிக் கடையில நானும் கடைக்காரரும் ஒண்ணா "ஐயோ!"ன்னோம். அவர் நூறு தடவை கேட்டிருப்பாரு, ஆனாலும் லென்ஸைத் தேய்க்கிற கை நின்னு போச்சு.

பைப் மாமா சுடுதண்ணிக் குழாயை இழுத்துக்கிட்டு வெளிய போனாரு. காதை மூடிக் கட்டிக்கிட்டு அக்காவும் கூடவே போனாங்க. அந்தப் பொது ஓட்டையோட குட்டிக் குழாய் மேல மெதுவா தண்ணியை ஊத்தினாரு. ஆவி முகத்துல அடிக்குது. ஒண்ணும் நடக்கல. மறுபடி ஊத்தினாரு. உள்ள க்ளிக்குன்னு ஒரு சின்ன சத்தம், பல் கடிக்கிற மாதிரி. உடனே அக்காவோட வாக்கி டாக்கியில பேனல்காரர் அலறினாரு.

"அக்கா! குதிச்சுட்டானுங்க! ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கி இளையவன் பக்கத்துல வந்து நிக்கிறானுங்க! எண்பத்தொண்ணு புள்ளி ரெண்டு, எண்பத்தொண்ணு புள்ளி அஞ்சு... சண்டை போடுறானுங்கக்கா, சண்டை போடுறானுங்க!"

அக்கா பக்கத்துல இருந்த கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. பைப் மாமா சுடுதண்ணிக் குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு, "நான் அன்னைக்கே வேண்டாம்னேன்ல?"ன்னாரு.

"நீங்க விரல் வலிக்கும்னுதானே மாமா வேண்டாம்னீங்க?"

"காரணம் எதுவா இருந்தா என்ன மருமகளே, ஓட்டு ஓட்டுதான்!"

அவர் சிரிக்க, அக்கா சிரிக்க, சிரிப்பு அழுகையா மாற, அந்தக் காத்துல யாருக்கும் வித்தியாசம் தெரியல.

நாலஞ்சு நாள் மேடை மூடியே இருந்துச்சு. முன்னாடி எந்த நாலு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தாங்களோ, அதே நாலு நாள். நடுவனுக்குத் தனி ஓட்டை, அளந்து விடுற வால்வுக்கும் தனி ஓட்டை. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கிணத்தைத் திறக்க அக்கா கையெழுத்துப் போட்டாங்க. கரையில ஆலைக்காரங்க திட்டினாங்க. கேப்டன் வாங்கிக்கிட்டாரு.

"அப்போ மூணுல ரெண்டுங்கிறது தப்பாக்கா?"ன்னு கேட்டேன்.

"தப்பே இல்ல"ன்னாங்க வெடுக்குன்னு. "அதை விட நல்ல ஏற்பாடு இன்னும் வரல. ஆனா மூணும் மூணா இருக்கணும். ஒரே ஆளு, ஒரே நாள்ல, ஒரே கருவியை வெச்சு மூணையும் சரி பார்த்தாக்கூட அது ஒண்ணுதான். அன்னைக்கு நான் மூணை எண்ணினேன். எங்கேருந்து பார்க்கிறாங்கன்னு எண்ணல."

இப்ப அக்கா கரைக்கு வர்ற நேரத்துல, மத்த மேடைகளுக்கும் ஆலைகளுக்கும் தானே போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாங்களாம். சில பேரு "உங்க வேலையைப் பாருங்கம்மா"ன்னு வெச்சிடுறாங்க. ரெண்டு இடத்துல போய்ப் பார்த்துட்டு, திரும்பக் கூப்பிட்டு, ரெண்டு மீட்டர் ஒரே ஓட்டையிலதான்னு ஒத்துக்கிட்டாங்களாம். அங்கயும் அதே 'அடுத்த பழுது வரைக்கும்'தான்!

அதனாலதான் இவ்வளவு அவசரமா எழுதுறேன். கடல்ல வேலை பார்க்கிறவங்கதான்னு இல்ல, பாய்லர் பக்கம், கேஸ் குழாய் பக்கம், அழுத்தம் இருக்கிற எந்த இயந்திரத்துப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க யார் இருந்தாலும் இதை அனுப்புங்க. படிக்க நேரம் இல்லன்னா அக்காவோட கேள்வியை மட்டுமாவது கேட்டுடுங்க: "உங்க மூணு மீட்டரும் மூணு ஓட்டையிலேருந்து பார்க்குதா?" ஆமான்னு பதில் வந்தாலும் விடாதீங்க, கடைசியா எப்போ நேர்ல போய்ப் பார்த்தீங்கன்னு கேளுங்க. ஷேர் பண்ணுங்க, ப்ளீஸ்!